அத்தியாயம் 4: ஏழாம் எண் பஸ்ஸில் யாருமே ஏறவில்லை

“நான்தாங்க கெடுக்கப் பார்த்தேன். ஒத்துக்கறேன். ஆனா முடியலையே, நான் என்ன பண்ணட்டும்?” என்றான் கோச்கோர்.

செய்த குற்றத்துக்காக வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்ய முடியாமல் போன குற்றத்துக்காகக் கண் கலங்குகிறவனை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் தாஷ்-கெச்சூ நகரத்தில் ஓடும் ஷேர் வேன்களில் பாதி இந்தக் கோச்கோருடையவை. மீதிப் பாதி அவனுடைய மச்சான்களுடையவை. வேன் ஸ்டாண்டுக்குப் பின்னால், சம்சா அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் அவனை நிறுத்திவைத்திருந்தார் பெர்மெட் அக்கா. ஓடினால் அடுப்பில் விழ வேண்டும், அல்லது அக்காவின் மேல் விழ வேண்டும். இரண்டில் அடுப்பே பாதுகாப்பானது என்று அவனுக்கும் தெரியும்.

அக்கா முன்பு எல்லையில் சுங்க அதிகாரி. ஒருநாள் மேலதிகாரியுடைய தம்பியின் லாரியைத் தெரியாமல் திறந்து பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து தனியார் துப்பறிவாளர். நான் எர்மெக், அவருடைய உதவியாளன். கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். மாடு உதைத்ததால் படிப்பு நின்றுவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உதைத்தது பேராசிரியர்.

“முழுசா சொல்லு,” என்றார் அக்கா.

“ஏழாம் எண் பஸ்ல டிரைவர் தலைக்கு மேல ஒரு டப்பா இருக்குல்ல, எத்தனை பேர் ஏறுறாங்கன்னு எண்ணுற டப்பா? அதோட ஒயரைப் பிடுங்கிட்டு வாடான்னு என் சின்ன மச்சானை அனுப்பினேன். தினம் போனான். உள்ளயே நுழைய முடியல. அவ்ளோ கூட்டம்! கதவுகிட்டயே நசுங்கிட்டுப் போய், நசுங்கிட்டே திரும்பி வந்தான். கடைசியா ஒருநாள் எப்படியோ உள்ள போயிட்டான். யாரோ ஒரு பொம்பள, ‘தம்பி, செத்த பிடிச்சுக்கோ’ன்னு கைக்குழந்தையை அவன்கிட்ட கொடுத்துருச்சு. ரெண்டு கையும் அடைபட்டுப் போச்சு. மலை உச்சி வரைக்கும் தூக்கிட்டே நின்னிருக்கான்.”

“குழந்தை நல்லா இருக்கா?” என்றேன்.

“அது நல்லாத்தான் இருக்கு. இவனுக்குத்தான் இடுப்பு பிடிச்சுக்கிச்சு.”

“டிரைவர் துமாருக்குக் காசு கொடுத்தியா?” என்றார் அக்கா.

“கொடுக்கப் போனேன்க்கா. வாங்கல. ‘வெறும் வயித்தோட வந்திருப்பே’ன்னு ரொட்டியைப் பிச்சுக் கையில கொடுத்து அனுப்பிட்டா.” கோச்கோர் மூக்கை உறிஞ்சினான். “என் பொண்டாட்டியே இப்ப அந்த பஸ்லதான் போறா. மாமியாரும் அதுலதான். வீட்ல சாப்பாட்டு நேரத்துல ஏழாம் எண் பஸ்ஸைப் பத்தித்தான் பேச்சு. என் சோத்தைத் தின்னுக்கிட்டே!”

எனக்கே அவன் மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

“ஆனா ஒண்ணுக்கா,” என்று குரலைத் தாழ்த்தினான். “உள்ள போன அன்னிக்கு மச்சான் அந்த டப்பாவைப் பாத்திருக்கான். பஸ் முழுக்க ஜனம். டப்பால சைபர். ‘மாமா, நமக்கு முன்னாடியே யாரோ வேலையை முடிச்சுட்டாங்க’ன்னு வந்து சொன்னான். அது யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, ஒரு கை குலுக்கணும்.”

அக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு குருத் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உப்புப் போட்டு உலர்த்திய தயிர் உருண்டை, கல் மாதிரி இருக்கும். வழக்கு சிக்கலாகும்போது அக்காவின் கன்னம் ஒரு பக்கம் உப்பிவிடும்.

“வா, எர்மெக். பஸ்ஸைப் பாக்கப் போவோம்.”

“சம்சா?”

“நடந்துக்கிட்டே தின்னு.”

*

வழக்கு இதுதான். எங்கள் ஊர் பஸ்கள் எல்லாம் என் வயதை விட மூத்தவை. ஓடும்போது கதவு விழும், நிற்கும்போது மழை உள்ளே வரும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு வளர்ச்சி வங்கி மனமிரங்கி மூன்று புது பஸ்களைக் கொடுத்தது. மூன்று மாதம் இலவச ஓட்டம். எந்தத் தடத்தில் கூட்டம் இருக்கிறதோ அந்தத் தடத்துக்கு பஸ் நிரந்தரம், மேற்கொண்டு ஓட்டுவதற்கும் பணம் தருவார்கள். கூட்டம் இல்லாத தடத்து பஸ் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

ஏழாம் எண், கோக்-தோபே மலைக் குடியிருப்புக்குப் போகிற பஸ். கோச்கோரின் வேன்கள் பனி விழுந்தால் அந்த மேட்டில் ஏறாது. ஏறினால் கட்டணம் இரட்டிப்பு. பஸ் வந்த பிறகுதான் அந்த ஜனம் நாள் தவறாமல் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தது. அப்படிப்பட்ட பஸ்ஸில், இலவசமாகக்கூட யாரும் ஏறவில்லை என்று டப்பா சொல்லியது. மற்ற இரண்டு தடங்களிலும் அதே டப்பா ஒழுங்காக எண்ணியது.

ஆகவே டிரைவர் துமார்தான் வேன்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு டப்பாவில் கை வைத்திருக்கிறாள் என்று போக்குவரத்துத் துறை முடிவு கட்டிவிட்டது. துறைத் தலைவர் விசாரித்திருக்கலாம். ஆனால் ஊரில் சிக்கல் வந்தாலே அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். இப்போதும் ஏரிக்கரை சானடோரியத்தில் சேற்றுக் குளியலில் இருந்தார். துமார்தான் எங்களைத் தேடி வந்தாள். அன்று மாலை வங்கியின் ஆள் அறிக்கை அனுப்பிவிடுவார். அத்தோடு பஸ்ஸும் போகும், அவள் வேலையும் போகும், திருடி என்ற பெயர் மட்டும் ஊரிலேயே தங்கிவிடும்.

*

பஜார் வாசலில் ஏழாம் எண் பஸ் நின்றுகொண்டிருந்தது. துமார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

“கோச்கோர் ஒத்துக்கிட்டானாக்கா?”

“ஒத்துக்கிட்டான். ஆனா அவன் இல்ல,” என்றார் அக்கா.

துமாரின் முகம் வாடிவிட்டது. “அப்ப நான்தான்னு ஆயிடுமே.”

“பயப்படாதே, துமார் அக்கா,” என்றேன். “எங்க அக்கா ஒரு தடவை முடிவு பண்ணிட்டா, குற்றவாளி கிடைக்கற வரைக்கும் எனக்கு மத்தியானச் சோறு கிடையாது. அதனால நான் உசிரைக் கொடுத்துத் தேடுவேன்.”

அவள் சிரிக்கவில்லை. “இருபது வருஷம் டிராலி பஸ் ஓட்டினேன், தம்பி. என் கூடப் பொறந்த தம்பி வீட்ல ஒரு மூலையில படுத்துக்கறேன். அங்க ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட தம்பி பொண்டாட்டியைக் கேக்கணும். இந்த பஸ்லதான் எனக்குப் பிடிச்சதை எனக்குப் பிடிச்ச இடத்துல மாட்டி வெச்சேன். இதை நான் கெடுப்பேனா?”

நான் பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தேன்.

மாட்டித்தான் வைத்திருந்தாள். பஸ்ஸின் கதவு நிலையைச் சுற்றிச் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளிப் பட்டை கட்டியிருந்தாள். மேலே கண்ணேறு படாமலிருக்க உலர்ந்த செடிக் கொத்து. உள்ளே தரையில் ஆட்டுக்கொம்பு வடிவக் கோலம் வெட்டித் தைத்த கம்பளி விரிப்பு. எல்லாம் கோக்-தோபே பெண்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தவை.

அப்போது வங்கியின் ஆள் வந்தார். பெயர் ஓலவி, பின்லாந்துக்காரர். கதவு உயரத்துக்குக் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவர், அதனால் புத்தகம் மாதிரியே பேசுவார்.

“வணக்கம். விசாரணை நிறைவுற்றதா?”

“இன்னும் இல்லீங்க. உங்க டப்பா எப்படி வேலை செய்யுது?” என்றார் அக்கா.

“மிக எளிது.” பஸ் கதவின் வாசலில், அடியில் குறுக்காகப் பதித்திருந்த சிவப்பு ரப்பர் பட்டையைக் காட்டினார். கையளவு அகலம், விரலளவு உயரம். “ஏறுபவரின் பாதம் இதன் மேல் படும். உடனே அங்கே எண் ஒன்று கூடும். காண்க.”

பட்டையின் மேல் மிதித்து உள்ளே ஏறினார். டிரைவர் இருக்கைக்கு மேலிருந்த டப்பா ‘டிங்’ என்றது. சைபர், ஒன்றானது. பின்கதவு வழியாக இறங்கி வந்து மறுபடி மிதித்து ஏறினார். டிங். இரண்டு.

“எந்திரம் பழுதற்றது,” என்றார்.

“அப்ப இன்னிக்கு இந்த பஸ்ல ஏறின ரெண்டு பேரும் நீங்கதான்,” என்றேன்.

“பஸ்ஸு ரொம்பி வழியறதை உங்க கண்ணாலயே பாக்கறீங்களே?” என்றார் அக்கா.

ஓலவி சோகமாகத் தலையசைத்தார். “கண்ணை நான் நம்புவதில்லை, அம்மையீர். இதற்கு முன் வேறொரு நகரில் பணியாற்றினேன். பஸ்கள் நிறைந்து வழிந்தன. நான் மகிழ்ந்தேன். பிறகுதான் அறிந்தேன், அனைவரும் பள்ளி ஆசிரியைகள். நகராட்சி உத்தரவிட்டு ஏற்றியிருந்தது. ஒரே ஆசிரியை மூன்று பஸ்களில், மூன்று நிறத் தலைக்குட்டையுடன்! அன்று முதல் எந்திரத்தை மட்டுமே நம்புகிறேன்.”

என் சொந்தச் சித்தி ஆசிரியை. அவளையே நான்கு தேர்தல் கூட்டங்களுக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“மூணு மாசமா சைபர்தானா?” என்றார் அக்கா.

“பெரும்பாலும் நான் மட்டுமே. சில மாலைகளில் ஒருவர், இருவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிது உயர்வு உண்டு. அன்று மக்கள் உல்லாசப் பயணம் செல்வர் என ஊகிக்கிறேன்.”

“ஞாயித்துக்கிழமை ஆட்டுச் சந்தை,” என்றேன் நான். “இந்த ஊர்ல அன்னிக்கு உல்லாசமா இருக்கறது ஆட்டு வியாபாரி மட்டும்தான்.”

அக்காவின் தாடை அசைவது நின்றது. “துமார், சந்தை அன்னிக்கு பஸ்ல ஆடு ஏத்துவியா?”

துமார் தரையைப் பார்த்தாள். “பெரிய ஆடு ஏத்த மாட்டேன்க்கா. குட்டி மட்டும். அதுங்களும் அந்த மேட்டை எப்படி நடந்து ஏறும், பாவம்.”

“மாலை நேரத்துல ஒருத்தர், ரெண்டு பேரு. அவங்க யாரு?”

“அது, எப்பவாவது, குடிச்சிட்டு வர்றவங்க. தள்ளாடுவாங்க. ஏத்திக்கிட்டுப் போயி வீட்டு வாசல்ல விட்டுடுவேன்.”

அக்கா பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு புது பஸ்ஸான மூன்றாம் எண்ணுக்குப் போய்க் கதவடியில் குனிந்து பார்த்தார். பிறகு இங்கே வந்து குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். மூன்றாம் எண் பஸ்ஸின் சிவப்புப் பட்டை சேறு அப்பி, தேய்ந்து, ஓரம் கிழிந்து சிவப்பு என்று யாராவது சொன்னால்தான் தெரியும் என்ற நிலையில் இருந்தது. ஏழாம் எண் பஸ்ஸின் பட்டை கடையிலிருந்து நேற்று வாங்கி வந்த மாதிரி மின்னியது. நடுவில் மட்டும் ஒரு பெரிய ஷூ தடம், ஓலவியுடையது.

“சுத்தமா வெச்சிருக்கே, துமார் அக்கா,” என்றேன்.

“நான் அதைத் துடைக்கறதே இல்ல, தம்பி. அழுக்கே ஆகறதில்ல.”

அக்கா இரண்டாவது குருத் உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் அவர் பேசியது சரியாக விளங்கவில்லை. ஆனால் “ஜனத்தை ஏறச் சொல்லு” என்பது மட்டும் புரிந்தது.

*

ஜனம் ஏறியது. முதலில் ஏறிய வெள்ளைத் தொப்பிப் பெரியவர் வலது காலை எடுத்து வைத்து, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று பஸ்ஸுக்கே பொதுவாகச் சொன்னார். பிறகு கம்பளி விரிப்பைப் பார்த்து, “செருப்பைக் கழட்டணுமாம்மா?” என்றார்.

“வேண்டாம் தாத்தா, அப்படியே வாங்க,” என்றாள் துமார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி “வாங்க, வாங்க” என்றாள். மூட்டை ஏறியது, தர்பூசணி ஏறியது, கோச்கோரின் மாமியார் ஏறினார். அவர் ஏறியபோது பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. டப்பா மட்டும் இரண்டிலேயே நின்றது.

ஓலவி டப்பாவைக் காட்டினார். “பார்த்தீர்களா? எவரும் ஏறவில்லை.”

“எவரும்னா? இந்தம்மா என் கால் மேல நிக்கறாங்க!” என்று நான் கத்தினேன். நானும் ஏறியிருந்தேன். எனக்கும் டிங் இல்லை. டப்பாவின் முன்னால் போய்க் கையை ஆட்டினேன். பயனில்லை. பள்ளிக்கூடத்திலும் என்னை இப்படித்தான் நடத்தினார்கள்.

“எர்மெக், இறங்கு,” என்றார் அக்கா. கீழேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏறு.”

ஏறினேன். டிங் இல்லை.

“பின்னால போய் இறங்கி வந்து மறுபடி ஏறு.”

ஏறினேன். ஒன்றுமில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் இறங்கி வந்ததில் சட்டைப் பித்தான் இரண்டு போய்விட்டது.

“இன்னொரு தடவை.”

“அக்கா, என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லிடுங்க, மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“ஏறுடா!”

ஏறினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தானும் ஏறினார். டப்பா பேசவில்லை. ஏறிய நிலையிலேயே தன் காலைக் குனிந்து பார்த்து, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். குருத் புரையேறி, கோச்கோரின் மாமியார் அக்காவின் முதுகில் நான்கு அடி போட்ட பிறகுதான் பேச்சு வந்தது.

“குற்றவாளி கிடைச்சுட்டான், எர்மெக்.”

“யாருக்கா?”

“நீ.”

“நானா! நான் காலையில இருந்து ஒரு சம்சாதான் தின்னேன்!”

“நீ, நானு, இந்தத் தாத்தா, இந்தம்மா, கோச்கோரோட மச்சான், கோக்-தோபே மொத்தமும். ஆட்டுக்குட்டிங்களையும் குடிகாரங்களையும் தவிர எல்லாரும்.” ஓலவியின் பக்கம் திரும்பினார். “ஐயா, வீட்டு வாசப்படியை நாங்க மிதிக்க மாட்டோம்.”

ஓலவி புருவத்தை உயர்த்தினார்.

“மிதிச்சா அந்த வீட்டுக்கு ஆகாது. நடக்கப் பழகும்போதே காலைத் தூக்கி உள்ள வைக்கக் கத்துக் கொடுத்துடுவாங்க. யாரும் யோசிச்சு தூக்கறதில்ல, கால் தானா தாண்டிடும். இவனை இத்தனை தடவை ஏத்தினேன். ஒவ்வொரு தடவையும் தாண்டினான். தாண்டறோம்னு அவனுக்கே தெரியாது. எனக்கும் என் காலைப் பாக்கற வரைக்கும் தெரியல.”

நான் என் காலைப் பார்த்தேன். இத்தனை வருஷம் என் கூடவே இருந்துவிட்டு, எனக்குச் சொல்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

“ஏற்க இயலாது,” என்றார் ஓலவி. “மூன்றாம் எண் பஸ்ஸிலும் இதே பட்டை. அங்கே மிதிக்கிறார்களே?”

“அது பஸ்ஸு. இது வீடு.” அக்கா கதவைச் சுற்றியிருந்த கம்பளிப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். “எங்க கூடார வீட்டு வாசலுக்குத்தான் இப்படிக் கட்டுவோம். மேல செடி, கீழே விரிப்பு, உள்ள ஒரு பொம்பள நின்னுக்கிட்டு வாங்க வாங்கன்னு கூப்பிடறா. பெரியவர் செருப்பைக் கழட்டட்டுமான்னு கேட்டாரே, காதுல விழலையா? இவ பஸ்ஸை வீடாக்கிட்டா. நீங்க அந்த வீட்டு வாசப்படியில போய் எண்ணுற டப்பாவை வெச்சுட்டீங்க.”

துமார் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அது நற்செய்தியாகப் படவில்லை. தன் கையாலேயே தன் பஸ்ஸைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் பட்டது.

ஓலவி நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்தார். “எனில் நிரூபணம் எளிது. அனைவரும் ஒருமுறை இறங்கி, மிதித்து ஏறுங்கள். எண் உயரும். நான் அறிக்கையை மாற்றுவேன்.”

யாரும் அசையவில்லை.

“தாத்தா, ஒரே ஒரு தடவை,” என்று நான் கெஞ்சினேன். “இல்லேன்னா பஸ் போயிடும்.”

“போனா நடக்கறேன்,” என்றார் பெரியவர். “இந்தப் பொண்ணு வாசலை மிதிச்சுட்டு இவ பஸ்ல உக்காருவேனா? நல்லா இருக்குடா நீ சொல்றது!”

“அந்த மனுஷன் மூணு மாசமா மிதிச்சுட்டேதான் இருக்காரு,” என்று கோச்கோரின் மாமியார் ஓலவியைக் கை காட்டினார். “வாயைத் தொறந்தோமா? விருந்தாளியாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கோம். தினம் அவர் இறங்கினதும் நான்தான் துமாருக்குச் சுத்திப் போடறேன்.”

ஓலவியின் காது நுனிகள் சிவந்தன. புத்தகத்தில் படித்த மொழியானாலும் அது நன்றாகவே புரிந்துவிட்டது.

துமார் எழுந்து வந்தாள். கதவு நிலையில் கட்டியிருந்த கம்பளிப் பட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். “எல்லாத்தையும் எடுத்துடறேன். வெறும் பஸ்ஸாவே இருக்கட்டும். அப்ப மிதிப்பீங்க இல்ல?” என்றாள். குரல் உடைந்தது. “தாத்தா மழையில நடக்க வேண்டாம். எனக்கு இது போதும்.”

“கையை எடு,” என்றார் அக்கா. அப்படி ஒரு குரலில் அவர் லாரிகளை நிறுத்தியிருக்கிறார். துமாரின் கை நின்றுவிட்டது. அக்கா ஓலவியிடம் திரும்பி, முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு மரியாதையாகப் பேசினார். அவர் மரியாதையாகப் பேசினால் யாரோ மாட்டப் போகிறார்கள் என்று அர்த்தம்.

“நீங்க மனுஷங்களை நம்ப வேண்டாங்கய்யா. எந்திரத்தையே நம்புங்க. ஆனா இந்த ஒரு தடவை மட்டும் எங்களை மாதிரி ஏறிப் பாருங்க. காலைத் தூக்கித் தாண்டி வைக்கணும், அவ்ளோதான்.”

ஓலவி இறங்கினார். பஸ் முழுக்க அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தது. கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கினார், பட்டைக்கு மேலாகக் கொண்டுபோய் விரிப்பில் வைத்தார், மறு காலையும் எடுத்து வைத்தார். பெரியவர் “வாங்க” என்றார்.

டப்பா ஒன்றும் சொல்லவில்லை.

ஓலவி டப்பாவைப் பார்த்தார். தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நான் ஏறவில்லையா?”

“உங்க எந்திரம் அப்படித்தான் சொல்லுது. நீங்க பஜார்லயே நின்னுக்கிட்டு இருக்கீங்க,” என்றேன்.

அவர் போனை எடுத்துத் தலைமை அலுவலகத்தை அழைத்தார். அவருடைய பாஷையில் பேசினார், நடுநடுவே எங்கள் மொழியில் வாசப்படி என்ற சொல் வந்தது. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ஓலவி போனைப் பொத்திக்கொண்டு எங்களிடம், “எந்திரம் வேண்டாம், இப்போது பஸ்ஸில் எத்தனை பேர் என்று நானே எண்ணிச் சொல்ல வேண்டுமாம்,” என்றார். மூன்று மாதத்தில் முதல் முறையாகப் பயணிகளின் பக்கம் திரும்பி, ஒற்றை விரலை நீட்டி, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று தலைகளைச் சுட்டி எண்ண ஆரம்பித்தார்.

பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டது.

“ஐயையோ, விரலை மடக்குங்க!”

“மனுஷனை விரல் நீட்டி எண்ணுவாங்களா!”

“குழந்தைய மறைடீ, குழந்தைய மறை!”

பெரியவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். கோச்கோரின் மாமியார் ஓலவியின் விரலைப் பிடித்து அவர் சட்டைப் பைக்குள்ளேயே திணித்துவிட்டார். “ஆளை எண்ணினா ஆள் குறையும்!” என்றார்.

கை பைக்குள் இருக்க, ஓலவி பரிதாபமாக அக்காவைப் பார்த்தார். அக்கா தோளைக் குலுக்கினார். போனில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். இதற்குள் பின்னாலிருந்து இன்னும் பத்துப் பேர் வாசலைத் தாண்டி ஏறி நெருக்கவே, ஓலவியின் கன்னம் ஜன்னல் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. அந்த நிலையிலேயே அவர் போனில் தன் பாஷையில் பேசினார். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எங்கள் மொழியிலும் திரும்பச் சொன்னார்.

“எண்ணிக்கை கிடைக்காது, ஐயா. எண்ண விடமாட்டார்கள். ஆனால் என்னால் மூச்சு விட இயலவில்லை. ஏழாம் எண்ணை நிறுத்தக் கூடாது என்றே அறிக்கை எழுதுவேன். பட்டையை உள்ளே தள்ளிப் பதிக்க ஆள் அனுப்புங்கள். இயலுமானால் இன்னொரு பஸ்ஸும் அனுப்புங்கள்.”

துமார் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். திருடி என்று சொன்னபோது அழாதவள், வேலை போகும் என்றபோதும் அழாதவள், ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதாள். நெற்றி ஹாரனில் அழுந்தி, பஜார் முழுக்கக் கேட்கிற மாதிரி பஸ் அலறியது.

“அழுதது போதும், வண்டியை எடு பொண்ணே!” என்று பின்னாலிருந்து பத்துக் குரல்கள் ஒன்றாகக் கத்தின. “ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு!”

துமார் தலைக்குட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.